காகிதப்பட்டறை, இரவு பத்துக்கு மேல்

பகலில் நான் கல்யாணம் வெட்டுகிறேன்.
மூன்று முடிச்சை எட்டுக் கோணத்தில் ஒட்டி
மேலே ரோஜா இதழ் தூவிக் கொடுப்பேன்.
இரவு பத்துக்கு மேல் தேசம்மா வருவாள்
கலவையிலிருந்து கடைசி பஸ் பிடித்து.
ஹார்ட் டிஸ்க் மஞ்சள் பையில்,
பை துப்பட்டாவுக்குள்.
மணிக்கு அறுபது ரூபாய் என்றேன் முதல் நாள்.
"கரண்டு போனா அந்த நேரத்தைக் கழிச்சுக்குவீங்களா?"
இப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் காட்சி ரைஸ் மில் களம்.
வேகவைத்த நெல்லில் ஆவி போகிறது.
ஒருவர் காலால் சால் இழுத்து நடக்கிறார்,
சுவர்வரை போய்த் திரும்பி
திரும்பவும் சுவர்வரை.
ஆறு நிமிடம். வெட்டே இல்லை.
"இங்க ஒரு புல்லாங்குழல் போடலாமே."
பதில் சொல்லாமல்
ஹெட்போனை என் காதில் மாட்டினாள்.
நெல்மேல் நெல் சரியும் சத்தம்.
அப்புறம் கேமராவுக்குப் பின்னாலிருந்து, மெதுவாக:
"நைனா, இங்க பாக்காத."

எட்டாயிரம் முன்பணத்துக்குப்
பதினோரு வருஷம் நடந்த கால் அது.
தாசில்தார் வந்து மீட்டு, பேப்பரில் போட்டோ வந்து,
ஏரிக்கரையில் நாலு மாசம் சும்மா உட்கார்ந்து,
அதே மில்லுக்குத் தினக்கூலியாகத் திரும்பிய கால்.

ஃபிரேமின் ஓரத்தில் சீரியல் பல்பு தெரிந்தது.
கோப்பின் தேதியைப் பார்த்தேன்.
மில்காரர் மகள் கல்யாணம்!
லைட் பிடிக்க ஆளில்லை என்று
நானேதான் இவளைக் கூட்டிப்போனேன்.
ஊரே பந்தியில் இருந்தபோது
என் கேமரா, என் பேட்டரி.
அந்தக் களத்திலேயே பிறந்து தவழ்ந்தவளிடம்
"வீடியோக்காரப் பொண்ணு, சாப்டியாம்மா?" என்று
முதலாளி வாஞ்சையாகக் கேட்டது
அதே கார்டில் இருக்கிறது.
எனக்கு வயிறு கலங்கியது.
பாக்கி முப்பதாயிரம் இன்னும் வரவேண்டும்.

எலி எங்கே என்று ஒரு ராத்திரி கேட்டுவிட்டேன்.
இருளர் படம் என்றால் எலி வருமே.
சிரித்தாள்.
அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு சேனல் வேன் வந்ததாம்.
அக்கா கையில் நூறு ரூபாய் கொடுத்து
வளை தோண்டச் சொன்னார்களாம்.
வெயில் சரியில்லை, மறுபடி.
எலி செத்துப்போச்சு, வேற எலி, மறுபடி.
"டேக்குன்னா என்னான்னு
அன்னிக்குத்தாண்ணா கத்துக்கிட்டேன்."

ஆர்.டி.ஓ. ஆபீஸ் காட்சியில் படமே கிடையாது.
பைக்குள் ஓடிய கேமரா;
மஞ்சள் துணியின் மங்கல்,
அதற்குள் ஒரு குரல்:
"இருளர்தான்னு எப்படி நம்பறது?
பாம்பு புடிப்பியா?"
இரண்டு நிமிடம் இருட்டாக இருந்தால்
ஜனம் எழுந்து போய்விடும் என்றேன்.
"எங்க பேர்லயே இருக்குதுண்ணா, இருக்கட்டும்."

ஏரிக்கரையில் திரையிட்டோம்.
ரிசப்ஷனுக்கு வைக்கும் என் வெள்ளைத் திரை.
நான் அழுகை எதிர்பார்த்த இடங்களில்
நாயைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
மஞ்சள் மங்கல் வந்தபோது
ஒரு பொடியன் வெளிச்சத்தில் கை நீட்டி
அஞ்சு விரலையும் குவித்துப்
படமெடுத்து ஆடினான்.
திரை முழுக்கப் பாம்பு.
கூட்டம் உருண்டு சிரித்தது,
தேசம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது.

அவள் நைனா கடைசிவரை நின்றே பார்த்தார்.
முடிந்ததும் என்னிடம் வந்து,
ஏதோ தப்பை ஒப்புக்கொள்பவர் போல,
"அந்த மூலைல ஈரம் நிக்குது சார்,
நான் சரியாக் கிளறல" என்றார்.

மில்காரர் பாக்கி இன்னும் வரவில்லை.
நானும் போன் போடவில்லை.
சாதிச் சான்றிதழும் வரவில்லை என்று
நேற்றுச் சொன்னாள்,
பையிலிருந்து புது டிஸ்க்கை எடுத்துக்கொண்டே.
இன்றைக்கு இரண்டு முறை கரண்டு போனது.
இருபத்தைந்து நிமிடம்,
அவள் கணக்கில்.